கர்னல் ஓட்டையை அடைப்பது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

ஏழு மாதம் ஒரு சர்வருக்கு வாரம் தவறாமல் அப்டேட் போட்டுவந்தேன். ஒருநாள் கர்னலில், அதாவது வன்பொருளை நிர்வகிக்கும் இயங்குதளத்தின் மையப் பகுதியில், ஏதோ ஒரு பாதுகாப்பு ஓட்டை என்று படித்துவிட்டு, நம் மெஷினில் எந்தக் கர்னல் ஓடுகிறது என்று பார்த்தேன். ஏழு மாதத்துக்கு முந்தையதுதான் ஓடிக்கொண்டிருந்தது. புதிய கர்னல்கள் டிஸ்கில் வரிசையாகக் கிடந்தன, ஒன்றுகூட ஒருமுறையும் இயங்கவில்லை. பதறிப்போய் உடனே ரீபூட் கொடுத்தேன். கர்னல் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதியான பூட் பகிர்வில் இடமில்லாமல் கடைசிக் கர்னல் பாதி எழுதிய நிலையில் நின்றிருக்கிறது, மெஷின் எழவில்லை. அதை மீட்டெடுக்க ஒரு முழு இரவு போனது.

அந்த இரவு உங்களுக்கு வரக்கூடாது. அதற்காகத்தான் இந்த வழிகாட்டி. பெரும்பாலும் லினக்ஸ் சர்வர், குறிப்பாக டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் குடும்பம் பற்றிப் பேசுகிறேன். விண்டோஸும் கைபேசியும் கடைசியில் சுருக்கமாக வரும். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

1. ஓடுகிற கர்னல் எது, அது உங்களுடையதா?

முதலில் 'யூநேம் -ஆர்' அடியுங்கள். இப்போது நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் பெயர் வரும். அப்புறம் 'அப்டைம்' அடித்து, கடைசியாக எப்போது ரீபூட் ஆனது என்று பாருங்கள். டிஸ்கில் என்னென்ன கர்னல்கள் இருக்கின்றன என்பதை உபுண்டு, டெபியனில் 'டிபிகேஜி -எல்' பட்டியலில் 'லினக்ஸ்-இமேஜ்' என்று தொடங்கும் வரிகள் காட்டும். ரெட் ஹாட் குடும்பத்தில் 'ஆர்பிஎம் -க்யூ கர்னல்'. ஓடுவதும் டிஸ்கில் உள்ளவற்றில் புதியதும் ஒன்றாக இல்லையென்றால், போட்ட பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) இன்னும் வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். கன்டெய்னர் என்பது ஒரே மெஷினுக்குள் நிரல்களைத் தனித்து ஓட்டும் கூடு. அதற்குத் தனிக் கர்னல் கிடையாது, தன்னைத் தாங்கும் மெஷினின் கர்னலில்தான் ஓடுகிறது. டாக்கர் போன்ற கன்டெய்னருக்குள் உட்கார்ந்து எத்தனை அப்டேட் போட்டாலும் கர்னல் ஓட்டை அப்படியே இருக்கும். குறைந்த விலைக்குக் கிடைக்கும் சில வாடகைச் சர்வர்களும் உள்ளே கன்டெய்னர்தான். 'சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்' என்ற கட்டளை அதைச் சொல்லிவிடும். 'ஓபன்விஇசட்' அல்லது 'எல்எக்ஸ்சி' என்று வந்தால் கர்னல் வழங்குநர் கையில் இருக்கிறது. எந்தத் தேதிக்குள் மாற்றுவீர்கள் என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். 'கேவிஎம்', அதாவது முழு மெய்நிகர் மெஷின், என்றால் பொதுவாகக் கர்னல் உங்கள் பொறுப்பு.

2. உங்கள் பதிப்புக்கு இன்னும் பேட்ச் வருகிறதா?

ஆதரவுக் காலம் முடிந்த பதிப்பில் எவ்வளவு ஒழுங்காக அப்டேட் போட்டாலும் 'எல்லாம் புதிதாகவே இருக்கிறது' என்றுதான் பதில் வரும். வருவதற்கு ஒன்றும் இல்லாததால் வரும் பதில் அது. புதியவர்கள் ஏமாறுகிற இடம் இது.

உபுண்டுவின் எல்டிஎஸ் எனும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 5 ஆண்டு, இடைப்பட்ட பதிப்புகளுக்கு 9 மாதம் மட்டும். உபுண்டு 20.04-இன் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. சென்ட்ஓஎஸ் 7-க்கும் டெபியன் 10-இன் நீண்டகால ஆதரவுக்கும் 2024 ஜூன் 30 கடைசி நாள்.

உங்கள் பதிப்பு இந்தப் பட்டியலில் இருந்தால் பதிப்பையே உயர்த்துவதுதான் சரியான வழி. அதற்கு நேரம் வேண்டுமென்றால், உபுண்டுவில் 'உபுண்டு ப்ரோ' சந்தாவை எடுக்கலாம், எல்டிஎஸ் பதிப்புக்கான பாதுகாப்பு அப்டேட்டை அது 10 ஆண்டுவரை நீட்டிக்கிறது. தனிநபர் 5 மெஷின்வரை இலவசமாகப் பயன்படுத்தலாம். இந்தச் சலுகை தெரியாமல் பலர் பழைய கர்னலோடு நாளைக் கடத்துகிறார்கள். அதற்கு மேற்பட்ட மெஷின்களுக்குக் கட்டணம் உண்டு.

3. அறிவிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு ஓட்டைக்கும் சிவிஇ என்ற பொது அடையாள எண் ஒன்று இருக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து லினக்ஸ் கர்னல் குழுவே தன் ஓட்டைகளுக்கு எண் கொடுக்கிறது. பாதுகாப்போடு தொடர்பு இருக்கலாம் என்று தோன்றுகிற திருத்தம் எல்லாவற்றுக்கும் கொடுப்பதால் எண்கள் கொட்டுகின்றன. எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: கர்னலின் எந்தப் பகுதியில் ஓட்டை, அதைப் பயன்படுத்த மெஷினுக்குள் ஏற்கெனவே ஒரு கணக்கு வேண்டுமா, நிஜமாகவே யாராவது பயன்படுத்தித் தாக்குகிறார்களா. மூன்றாவதற்கு, அமெரிக்க அரசின் சிசா அமைப்பு வெளியிடும் 'தாக்குதலில் பயன்பட்ட ஓட்டைகள்' பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு எண் அதில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், அது இந்த வாரத்து வேலை.

'உள்ளூர்ப் பயனர் மட்டுமே பயன்படுத்த முடியும்' என்று இருந்தால் தள்ளிப்போடலாம் என்று நினைக்காதீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். தாக்குபவர் முதலில் ஒரு வலைச்செயலியின் ஓட்டை வழியாகச் சாதாரண கணக்காக உள்ளே வருவார். அங்கிருந்து ரூட், அதாவது முழு உரிமை உள்ள நிர்வாகி, ஆவதற்குத்தான் கர்னல் ஓட்டை அவருக்குத் தேவை. 2022 மார்ச்சில் வெளிவந்த டர்ட்டி பைப், சிவிஇ-2022-0847, இந்த வகைதான். வாசிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பின் உள்ளடக்கத்தைச் சாதாரண பயனரே மாற்ற முடிந்தது. கடவுச்சொல் கோப்பையோ ரூட் உரிமையோடு ஓடும் நிரலையோ மாற்றினால் மெஷின் அவர் கையில்.

இதே டர்ட்டி பைப்பை வைத்து, என்னை அதிகம் குழப்பிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டை 5.8 கர்னலில் நுழைந்தது, லினக்ஸ் கர்னல் குழு நேரடியாக வெளியிடும் மூலக் கர்னலில் 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகியவற்றில் அடைக்கப்பட்டது. ஆனால் டெபியன் 11 தந்த சரியான கர்னலின் எண் 5.10.92-2. எண்ணை மட்டும் பார்த்தால் 92 என்பது 102-ஐவிடச் சின்னது, ஓட்டை இருக்கிறது என்றே தோன்றும். இருந்தாலும் அடைபட்டுவிட்டது. காரணம், டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்கள் பெரும்பாலும் முழுப் புதுக் கர்னலைத் தருவதில்லை, தாங்கள் வைத்திருக்கும் கர்னலிலேயே அந்த ஒரு திருத்தத்தை மட்டும் சேர்த்துக் கட்டுகின்றன. ஆகவே கர்னல் மூலத்தளத்தில் கண்ட எண்ணை உங்கள் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் வழங்கலின் பாதுகாப்பு அறிவிப்பில் என்ன எண் இருக்கிறதோ அதனோடுதான் ஒப்பிட வேண்டும். டெபியனுக்கு டிஎஸ்ஏ, உபுண்டுவுக்கு யுஎஸ்என், ரெட் ஹாட்டுக்கு ஆர்எச்எஸ்ஏ என்று அறிவிப்புகளுக்குப் பெயர். பேக்கேஜின் மாற்றப் பதிவிலும் சிவிஇ எண்ணைத் தேடிப் பார்க்கலாம், 'ஆப்ட் சேஞ்ச்லாக்' அல்லது 'ஆர்பிஎம் -க்யூ --சேஞ்ச்லாக்' அதைக் காட்டும்.

டெபியனில் கூடுதலாக ஒரு சிக்கல். பேட்ச் போட்டு ரீபூட் ஆன பிறகும் 'யூநேம் -ஆர்' காட்டும் பெயர் மாறாமல் இருக்கலாம். உண்மையான பதிப்பு எண் 'யூநேம் -வி' வரியில்தான் இருக்கும்.

4. உடனே ரீபூட் செய்ய முடியாதா? தற்காலிகத் தடுப்பு

சில ஓட்டைகளுக்கு அறிவிப்பிலேயே தற்காலிக வழி எழுதியிருப்பார்கள். 2019 ஜூனில் வந்த சாக் பேனிக், சிவிஇ-2019-11477, தூரத்திலிருந்தே ஒரு மெஷினைக் கவிழ்க்கக்கூடியது. கர்னல் அமைவுகளை மாற்றும் 'சிஸ்சிடிஎல்' கட்டளை மூலம் டிசிபி சாக் என்ற நெட்வொர்க் வசதியை நிறுத்திவைத்தால் ரீபூட் இல்லாமலே தடுக்க முடிந்தது. கர்னலின் ஃபயர்வால் பகுதியான நெட்ஃபில்டரில் இருந்த சிவிஇ-2024-1086 போன்றவற்றைச் சாதாரண பயனர் எட்டுவதற்கு 'யூசர் நேம்ஸ்பேஸ்' வசதி (சாதாரண பயனருக்குத் தனிக் கூண்டுக்குள் மட்டும் நிர்வாகி உரிமை தருவது) தேவைப்படும். அதை நிறுத்தினால் வழி அடைபடும். ஆனால் ரூட் இல்லாமல் ஓடும் கன்டெய்னர்களும் சில உலாவிகளின் பாதுகாப்புக் கூண்டும் அதோடு சேர்ந்து நின்றுபோகும். முதலில் ஒரு சோதனை மெஷினில் செய்து பாருங்கள்.

செய்த மாற்றத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள். பேட்ச் வந்த பிறகு அதை நீக்க மறந்தால், ஆறு மாதம் கழித்து 'இந்த வசதி ஏன் வேலை செய்யவில்லை' என்று வேறொருவர் தலையை உடைத்துக்கொள்வார்.

ஓடுகிற கர்னலிலேயே பேட்ச் ஏற்றும் லைவ்பேட்ச் வசதியும் உண்டு. உபுண்டு ப்ரோவில் அது அடங்கும். ரெட் ஹாட், சூசே, ஆரக்கிள் ஆகியவையும் தங்கள் சந்தாவில் தருகின்றன. நல்ல வசதிதான். ஆனால் எல்லா ஓட்டைக்கும் லைவ்பேட்ச் வராது, பெரும்பாலும் முக்கியமானவற்றுக்குத்தான் வரும். ஆகவே ரீபூட்டை வசதியான நேரத்துக்குத் தள்ளிவைக்க அதைப் பயன்படுத்துங்கள், ரீபூட்டையே கைவிடுவதற்கு வேண்டாம்.

5. தொடுவதற்கு முன் நான்கு ஏற்பாடுகள்

முதலாவது பேக்கப். மெய்நிகர் மெஷின் என்றால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள், சில நிமிட வேலை. வழங்குநர்கள் ஸ்னாப்ஷாட்டின் அளவுக்கும் நாளுக்கும் காசு வாங்குவார்கள், எல்லாம் சரியாக ஓடி ஒரு வாரம் ஆனதும் நீக்கிவிடலாம்.

இரண்டாவது கன்சோல், அதாவது மெஷினின் திரையையும் விசைப்பலகையையும் நேரடியாகத் தரும் வழி. எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு வழியாக மட்டுமே நுழையத் தெரிந்த சர்வரில் கர்னலை மாற்றாதீர்கள். மெஷின் எழவில்லையென்றால் எஸ்எஸ்எச்சும் இருக்காது. வழங்குநர் தரும் வலைக் கன்சோலில், அல்லது சர்வரின் தொலைமேலாண்மைப் பலகையில், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். அந்த இரவில் எனக்கு மிகுதியாக நேரம் போனது இதில்தான். கன்சோல் கடவுச்சொல் என்னிடம் இல்லை, அதை மாற்றித் தரும்படி எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.

மூன்றாவது பூட் பகிர்வில் இடம். 'டிஎஃப் -எச்' அடித்து 'பூட்' என்ற வரியைப் பாருங்கள். ஒரு கர்னலுக்கும் அதோடு வரும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்புக்கும் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் தற்காலிகக் கோப்பமைப்பு) சேர்த்து சுமார் 100 எம்பி ஆகலாம், அதற்கு மேலும் போகலாம். இடம் குறைவாக இருந்தால் 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' பழைய கர்னல்களை முறையாக நீக்கும். ரெட் ஹாட் குடும்பத்தில் டிஎன்எஃப் என்ற பேக்கேஜ் நிர்வாகி தானாகவே மூன்று கர்னல்களை மட்டும் வைத்துக்கொள்ளும். பூட் அடைவுக்குள் போய்க் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். பேக்கேஜ் நிர்வாகிக்கு அது தெரியாது, இல்லாத கர்னலைத் தேடி அடுத்தடுத்த அப்டேட்கள் தடுக்கி விழும்.

நான்காவது, கர்னலுக்கு வெளியிலிருந்து வந்த டிரைவர்கள். என்விடியா டிரைவர், சில சேமிப்பக டிரைவர்கள், மெய்நிகர் மெஷின் மென்பொருள்களின் மாட்யூல்கள் ஆகியவை ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் மறுபடி கட்டப்பட வேண்டும். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' அடித்துப் பட்டியலைப் பாருங்கள். கர்னலின் ஹெடர் பேக்கேஜ் இல்லையென்றால் அவை கட்டப்படாது. கையொப்பமுள்ளவற்றை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கும் மெஷினில் அவற்றுக்குக் கையொப்பமும் வேண்டும். முதல்முறை அந்தக் கையொப்பத்துக்கான சாவியைப் பதிவுசெய்ய, ரீபூட்டின்போது வரும் நீலத் திரையில் ஒரு கடவுச்சொல்லை அடிக்க வேண்டியிருக்கும். அந்தத் திரை எஸ்எஸ்எச்சில் தெரியாது. அதற்கும் கன்சோல்தான்.

6. நிறுவுதல்

உபுண்டு, டெபியனில் 'ஆப்ட் அப்டேட்', அதன்பின் 'ஆப்ட் அப்கிரேட்'. ரெட் ஹாட் குடும்பத்தில் 'டிஎன்எஃப் அப்கிரேட்'. இதைத் தாண்டி ஒன்றுமில்லை, நெட் வேகத்தைப் பொறுத்து ஐந்து பத்து நிமிடம். சிக்கல், புதுக் கர்னல் சத்தமில்லாமல் விட்டுப்போவதில் இருக்கிறது.

பழைய பழக்கத்தில் 'ஆப்ட்-கெட் அப்கிரேட்' அடிப்பவர்கள் கவனிக்கவும். அந்தக் கட்டளை புதிய பேக்கேஜ் எதையும் சேர்க்காது. புதுக் கர்னல் பெரும்பாலும் புதிய பெயருள்ள பேக்கேஜாக வருவதால், 'கெப்ட் பேக்' என்ற வரியில் அதை ஒதுக்கி வைத்துவிடும். அந்த வரியைப் படிக்காமல் போகக்கூடாது. அடுத்தது, யாராவது கர்னலைப் பூட்டி வைத்திருக்கலாம். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' அதைக் காட்டும், டிஎன்எஃப்பில் அமைவுக் கோப்பில் 'எக்ஸ்க்ளூட்' வரி இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, எப்போதும் புதிய கர்னலைச் சுட்டும் மெட்டா பேக்கேஜ் ஒன்று இருக்கும். உபுண்டுவில் 'லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக்', 64 பிட் டெபியனில் 'லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64'. ஏதோ ஒரு சுத்தப்படுத்தலில் அது நீங்கிப்போயிருந்தால் இனி எந்தக் கர்னலும் தானாக வராது, எச்சரிக்கையும் வராது. இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

நிறுவும்போது திரையில் ஓடும் கடைசி இருபது வரிகளைப் படியுங்கள். இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கியதாகவும் எந்தக் கர்னலில் பூட் ஆவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் நிரலின் பட்டியலைப் புதுப்பித்ததாகவும் வர வேண்டும். 'இடமில்லை' என்றோ பிழை என்றோ இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை ரீபூட் வேண்டாம். அந்த வரி என் திரையிலும் வந்திருந்தது, நான் படிக்கவில்லை.

கர்னலை மூலத்திலிருந்து நீங்களே கட்டலாமா என்று கேட்பீர்கள். முதல்முறை செய்பவருக்கு என் பதில் வேண்டாம் என்பதே. கட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு பேட்சும் உங்கள் தலையில்.

7. ரீபூட்

ஆட்கள் பயன்படுத்தாத நேரமாகப் பார்த்து, ஒரு மணி நேரம் எடுக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மெய்நிகர் மெஷின் ஒன்றிரண்டு நிமிடத்தில் எழுந்துவிடும். பெரிய நிஜச் சர்வர்கள் நினைவகத்தைச் சோதித்து எழவே பத்து நிமிடம்வரை எடுக்கலாம். அதுவரை பொறுங்கள், நடுவில் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் வேண்டாம், ஏதாவது ஆனால் உதவிக்கு ஆள் இருக்கிற நாளாகப் பாருங்கள்.

பல சர்வர்கள் இருந்தால் முக்கியம் குறைந்த ஒன்றை முதலில் ரீபூட் செய்து, ஒரு நாள் ஓடவிட்டு, அப்புறம் மற்றவை.

மெஷின் எழவில்லையென்றால் பதற வேண்டாம், பழைய கர்னல் இன்னும் டிஸ்கில் இருக்கிறது. கன்சோலில் மறுபடி தொடங்கி, பழைய பயாஸ் மெஷினில் ஷிஃப்ட் விசையும் யுஇஎஃப்ஐ மெஷினில் எஸ்கேப் விசையும் அழுத்தினால் கிரப் பட்டியல் வரும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். எழுந்ததும் பூட் பகிர்வில் இடம் ஏற்படுத்தி, புதுக் கர்னலின் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கி, இன்னொருமுறை முயலலாம். இதற்காகத்தான் ஒரு பழைய கர்னலையாவது எப்போதும் விட்டுவைக்கச் சொல்கிறார்கள். எனக்கு அன்று கைகொடுத்ததும் அதுதான்.

8. அடைபட்டதா என்று சோதித்தல்

'யூநேம் -ஆர்', 'யூநேம் -வி' இரண்டையும் அடித்து அறிவிப்பில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பழைய எண்ணே வந்தால், கிரப் அமைவில் யாரோ பழைய கர்னலையே இயல்பாக எடுக்கும்படி நிலைப்படுத்தியிருக்கலாம், 'கிரப்_டிஃபால்ட்' வரியைப் பாருங்கள். உபுண்டுவில் 'வார்' அடைவின் கீழ் 'ரன்' உள்ளே 'ரீபூட்-ரிக்வயர்ட்' என்ற கோப்பு இருந்தால் ரீபூட் இன்னும் பாக்கி. ரெட் ஹாட் குடும்பத்தில் 'நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் -ஆர்' அதே வேலையைச் செய்யும்.

'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு' அடித்து எந்தச் சேவையாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பெக்டர், மெல்ட்டவுன் போன்ற செயலி ஓட்டைகளுக்குக் கர்னல் பேட்சோடு மைக்ரோகோடும் (செயலியின் உள்நிரல்) வேண்டியிருக்கலாம். 'சிஸ்' கோப்பமைப்பில் 'டிவைசஸ், சிஸ்டம், சிபியு, வல்னரபிலிட்டீஸ்' என்று இறங்கினால் ஒவ்வொன்றின் நிலையும் தனிக் கோப்பாக இருக்கும். 'வல்னரபிள்' என்று ஏதாவது சொன்னால் இன்டெல் அல்லது ஏஎம்டி மைக்ரோகோடு பேக்கேஜைப் போட்டு மறுபடி ரீபூட். நான்காம் படியில் தற்காலிகத் தடுப்பு வைத்திருந்தால் இப்போது எடுத்துவிடுங்கள்.

9. குறிப்பேடும் கால அட்டவணையும்

ஒரு எளிய விரிதாள் போதும். தேதி, மெஷின், பழைய கர்னல் எண், புதிய எண், அறிவிப்பு எண், ரீபூட் ஆன நேரம், செய்தவர். தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான்.

நான் இப்போது கடைப்பிடிக்கும் கணக்கு இது: தாக்குதலில் பயன்படுவதாக உறுதியான ஓட்டை என்றால் மூன்று நாளுக்குள், மற்றவை மாதம் ஒருமுறை நிலையான நாளில். உபுண்டுவின் 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' தானாகவே நிறுவும், ஆனால் தானாக ரீபூட் செய்வது இயல்பில் அணைந்திருக்கும். ஒற்றைச் சர்வர், இரவில் யாரும் இல்லை என்றால் அதை இயக்கி நேரத்தையும் குறித்துவிடுங்கள். தரவுத்தளச் சர்வரில் அதை நான் இயக்கமாட்டேன், ஆள் பார்த்துத்தான் ரீபூட்.

10. விண்டோஸும் கைபேசியும்

விண்டோஸுக்குப் பேட்ச் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் வரும். மேசைக்கணினியில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், ஷட்டவுன் கொடுக்கும்போது கர்னல் முழுதாக நிற்பதில்லை, அதன் நிலையைச் சேமித்துவைத்து அடுத்தமுறை அப்படியே எடுக்கும். ஆகவே அப்டேட்டுக்குப் பின் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள், அணைத்து இயக்குவது போதாது.

ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கர்னல்தான், ஆனால் பேட்ச் கைபேசித் தயாரிப்பாளர் வழியாகத்தான் வரும். அமைப்புகளில் கைபேசி பற்றிய பகுதியில் 'பாதுகாப்பு பேட்ச் நிலை' என்று ஒரு தேதி இருக்கும். அது பல மாதம் பின்தங்கி, புதிதாக எதுவும் வராமல் இருந்தால் அந்தக் கைபேசிக்கு ஆதரவு முடிந்திருக்கலாம். தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலின் ஆதரவுக் கடைசித் தேதியைப் பாருங்கள். அது தாண்டிவிட்டிருந்தால் வங்கிச் செயலிகளை முதலில் அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.